பாதம் காப்போம்
(ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



வரப்பில் நடக்கையில் காலில் முள் தைத்தால், உடனே நின்று பிடுங்கி எறிகிறோம். நம்மை நிறுத்துவது வலி. நீரிழிவு பல ஆண்டுகள் அடங்காதிருப்பின், பாதத்தின் நரம்புகள் பழுதுற்று அவ்வலியே தோன்றாமற் போகக்கூடும். முள் உள்ளே தங்கும். புண் சீழ் பிடிக்கும். இரத்த ஓட்டமும் குறைந்திருந்தால் எளிதில் ஆறாது. முடிவில் காலையே எடுக்கவும் நேரிடும். உழுதுண்ணும் குடும்பத்திற்கு இதனினும் பெரிய இழப்பு உண்டோ?

இதனை முன்னதாக அறியப் பெரிய கருவி வேண்டுவதில்லை. 10 கிராம் விசையில் வளையும் நைலான் இழை ஒன்று போதும். நோயாளியைக் கண்மூடச் செய்து, செவிலியர் அவ்விழையைப் பாதத்தின் சில இடங்களில் அழுத்துவார். தொடுவது தெரியவில்லையெனில் அது அபாய அறிவிப்பு. ஆண்டுக்கொருமுறையேனும் இச்சோதனை வேண்டும். ஆனால், கூட்டம் மிகுந்த நாளில் சர்க்கரை அளவும் மாத்திரையும் முந்திக்கொள்ளும்; பாதம் மறக்கப்படும்.

இக்குறையை நீக்கச் செவிலியரே முன்நின்று செய்யக்கூடிய முறை ஒன்று உண்டு. பதிவேட்டில் 'பாதம்' என ஒரு கட்டம் வரைதல். எத்தனை பேருக்குப் பார்க்கப்பட்டது என மாத இறுதியில் எண்ணுதல். விடுபட்டதன் காரணத்தை ஆராய்தல். ஒன்றை மட்டும் மாற்றுதல். மருத்துவருக்காகக் காத்திருக்கும் வேளையிலேயே செருப்பைக் கழற்றி அமரச் செய்வது அத்தகைய மாற்றம். மறுமாதம் மீண்டும் எண்ண வேண்டும். எண்ணிக்கை உயர்ந்தால் அம்மாற்றம் நிலைக்கலாம். உயராவிடில் வேறொன்றை முயலலாம். விதைக்குமுன் 100 விதைகளை ஈரத்துணியில் முடிந்து முளைப்பை எண்ணுகிறோமே, அதுபோன்றதே இது. எவரையும் குறைகூறும் கணக்கன்று.

2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கப்பெற்றது. அதனால் நீரிழிவு மாத்திரை வீடு தேடி வருகிறது. மாத்திரை வருகிறதே என்று சுகாதார நிலையத்தை மறந்துவிடலாகாது. மாத்திரை நம்மைத் தேடி வரும். பாதத்தை நாம்தான் கொண்டுசென்று காட்ட வேண்டும்.

பஞ்சாயத்தின் கடமை யாது? நோயாளிகளின் பெயர்களைச் சபையில் படித்தல் தகாது. பதிவானவர்களில் எத்தனை பேருக்குப் பாதச் சோதனை நடந்தது என்ற ஒன்றை மட்டும் கிராம சபையில் கேளுங்கள். நடக்க இயலாத முதியோருக்கு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். செவிலியருக்குத் தனியிடமும் நாற்காலியும் குறைவின்றிக் கிடைக்கச் செய்யுங்கள்.

நீரிழிவுடையோர் வெறுங்காலுடன் வயலில் இறங்க வேண்டா. ஆணியைப் பிளேடினால் அறுக்க வேண்டா. மாலையில் கால் கழுவித் துடைத்தபின், விரலிடுக்கையும் உள்ளங்காலையும் வீட்டார் ஒருவர் பார்க்கட்டும். சிறு புண் கண்டாலும் மறுநாளே செவிலியரிடம் செல்லுங்கள். வலிக்கவில்லையே என்று காத்திருத்தல் கூடாது. வலியின்மையே அங்கு நோயின் அடையாளம்.