‘எம்’: திருடர்களின் நீதிமன்றத்தில் ஒரு கொலைகாரன்

நீதியையும் மரண தண்டனையையும் திரைப்படத்தின் வழியே ஆராயக் கூடியிருக்கும் இந்த அரங்கு, 1931இல் ஜெர்மனியில் வெளிவந்த ‘எம்’ படத்திலிருந்து தொடங்குவதே முறை. ஃபிரிட்ஸ் லாங் இயக்கிய முதல் பேசும்படம் அது. திரைக்கதையில் அவருடைய மனைவி தேயா ஃபான் ஹார்பூவின் பங்கும் உண்டு.

படம் வெளியான வேளை சாதாரணமானதல்ல. டுசல்டார்ஃப் நகரை நடுங்கவைத்த பீட்டர் கூர்ட்டனுக்கு ஒன்பது கொலைகளுக்காக அந்த ஏப்ரலில்தான் மரண தண்டனை விதிக்கப்பட்டிருந்தது. மே 11 அன்று பெர்லினில் ‘எம்’ திரைக்கு வந்தபோது அவன் சிறையில் இருந்தான். ஜூலை 2 அன்று கொலோனில் கில்லட்டினுக்கு இரையானான். அதே நாட்டில் மரண தண்டனையே கூடாது என்ற வாதமும் உரக்க ஒலித்துக்கொண்டிருந்தது. நீதி அமைச்சராக இருந்த குஸ்தாவ் ராட்புருக் 1922இல் தயாரித்த தண்டனைச் சட்ட வரைவில் அதற்கு இடமே இல்லை. அந்த வரைவு சட்டமாகவில்லை.

கதை எளிது. சிறுமிகளைக் கொல்லும் ஹான்ஸ் பெக்கர்ட்டைத் தேடிப் போலீஸ் ஊரைச் சல்லடை போடுகிறது. அந்தக் கெடுபிடியில் பிழைப்பு கெட்ட திருடர்கள் அவனைத் தாங்களே பிடிக்கப் புறப்படுகிறார்கள். அவன் சீட்டியடிக்கும் மெட்டை வைத்து அவனை அடையாளம் காண்பவர், பார்வையற்ற பலூன் வியாபாரி.

பிடிபட்டவனைத் திருடர்கள் கைவிடப்பட்ட சாராய ஆலையில் விசாரிக்கிறார்கள். தலைமை வகிப்பவன் ஷ்ரேங்கர். அவனே மூன்று கொலை வழக்குகளில் தேடப்படுபவன். அதைக் கூட்டத்தின் முகத்துக்கு நேரே சொல்லும் துணிவு, பெக்கர்ட்டுக்காக வாதாடுபவருக்கு மட்டுமே இருக்கிறது. தன் செயலைத் தடுக்க இயலாதவனைக் கொலைக்களத்துக்கு அல்ல, மருத்துவரிடம் அனுப்ப வேண்டும் என்கிறார் அவர். பைத்தியம் என்று தப்பி, வெளியே வந்து மீண்டும் கொல்வானே என்று கேட்கிறான் ஷ்ரேங்கர். தாய்மார்கள் கதறுகிறார்கள். பெக்கர்ட்டாக வரும் பீட்டர் லோரே, தனக்குள்ளிருந்து தன்னையே துரத்தும் வெறியைச் சொல்லி அலறும்போது கூட்டத்தில் சிலர் தம்மையறியாமல் தலையசைக்கிறார்கள். உலக சினிமாவில் இதற்கு நிகரான நீதிமன்றக் காட்சிகள் மிகக் குறைவு.

படத்தைப் பார்த்த நாஜித் தலைவர் கோயபல்ஸ், இது மரண தண்டனைக்கு ஆதரவான படம் என்று நாட்குறிப்பில் மெச்சி எழுதினார். கூட்டத்தின் குரலைப் படத்தின் குரலாக அவர் எடுத்துக்கொண்டார். அது பிழையான வாசிப்பு. எல்சி என்ற சிறுமிக்காகக் காத்திருக்கும் வெற்றுச் சாப்பாட்டுத் தட்டைக் காட்டி, அந்தக் கோபம் நியாயமானது என்று லாங் முதலிலேயே நம்மை உணரவைக்கிறார். ஆனால் அந்தக் கோபத்துக்கு நீதிபதியின் நாற்காலியைத் தர மறுக்கிறார். போலீஸ் வருகிறது, முறையான நீதிமன்றம் கூடுகிறது. தீர்ப்பு நம் காதில் விழுவதில்லை. பிள்ளைகள் இதனால் திரும்பி வரமாட்டார்கள் என்ற தாயின் சொல்தான் விழுகிறது.

யூதரான லோரே 1933இல் ஜெர்மனியை விட்டு வெளியேறினார். அவருடைய அந்த அலறலையே 1940இல் நாஜிகள் ‘நித்திய யூதன்’ என்ற பிரசாரப் படத்தில் வெட்டி ஒட்டினார்கள். ராட்புருக்கின் வரைவில் நின்றுபோனது பின்னர் நடந்தது: மேற்கு ஜெர்மனி 1949இல் தன் அடிப்படைச் சட்டத்தின் 102ஆம் பிரிவின் வழியே மரண தண்டனையை ஒழித்தது.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களுக்குத் தலைமையின் வேண்டுகோள் இதுதான்: ஒரு படம் மரண தண்டனையை ஆதரிக்கிறதா, எதிர்க்கிறதா என்று முடிவுகட்டுவதற்கு முன், அதில் தீர்ப்பு சொல்பவர் யார், அந்த உரிமையை அவருக்கு யார் கொடுத்தார்கள் என்று காட்சி காட்சியாகப் பாருங்கள்.