மாசி வீதியில் சித்திரைத் தேர்

 மரபு நடை என்றால் வெளியூர்க்காரருக்கு ஊரைச் சுற்றிக் காட்டும் ஏற்பாடு என்ற எண்ணம் மதுரைக்காரர்களான நம்மிடம் ஊறிவிட்டது. அது உள்ளூர்க்காரருக்குத்தான் முதலில் வேண்டும் என்பது என் கட்சி. சித்திரைத் திருவிழாத் தேர் மாசி வீதிகளில் ஏன் ஓடுகிறது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? மாசியில் நடந்த தேரோட்டத்தைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. விழா மாதம் மாறிப்போனது, வீதி பழைய பெயரை விடவில்லை. தேர் பார்க்கப் போகிற ஒவ்வொருவரும் அந்தச் சான்றின் மேல்தான் நிற்கிறார்கள். நின்று படித்துக் காட்டத்தான் ஆளில்லை.

மேல மாசி வீதியிலிருந்து ரயில் நிலையம் பக்கமாக நடந்து பாருங்கள். பெருமாள் மேஸ்திரி வீதி வரும், பிறகு வெளி வீதி வரும். எதற்கு வெளியே? கோட்டைக்கு வெளியே. 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்து ஊரை விரித்தார். அந்த வேலையை மேற்பார்த்தவர்களின் பெயர்தான் பெருமாள் மேஸ்திரி வீதிக்கும் மாரட் வீதிக்கும். (மாரட் என்பதை மராட்டியர் என்று எண்ணிவிட வேண்டாம், அவர் வெள்ளைக்காரர்.) மதிலில் மிஞ்சிய ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மேலவாசலில் நிற்கிறது. மதிலை இடித்தவருக்கு நன்றி சொல்லி வைத்ததோ நம் விளக்குத்தூண். அவர் பழம்பெருமையை அழித்தவரா, மூச்சுமுட்டிய ஊருக்கு வழி திறந்தவரா? இரண்டும்தான் என்பது என் தீர்ப்பு. அதை ஏற்க வேண்டாம். மேலவாசலையும் விளக்குத்தூணையும் ஒரே காலையில் நடந்து பார்த்துவிட்டு மறுத்துப் பேசுங்கள்.

இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறதே, கால் நோக நடப்பானேன் என்பார்கள். புத்தகம் ஆண்டைச் சொல்லும், அளவைச் சொல்லாது. திருமலை நாயக்கர் மகாலில் இன்று நிற்பது பழைய அரண்மனையில் கால் பங்கு அளவே என்று படித்தால் அது ஒரு செய்தி. அதே அரண்மனையின் மிச்சமாகச் சந்துக்குள் கடைகளுக்கு நடுவே நிற்கும் பத்துத் தூணை அண்ணாந்து பார்த்துவிட்டு, அங்கிருந்து மகால் வரை நடந்தால்தான் காணாமல் போன முக்கால் பங்கு எவ்வளவு என்று காலுக்குத் தெரியும். காந்தியடிகள் 1921 செப்டம்பர் 22 அன்று அரையாடைக்கு மாறிய செய்தியும் அப்படித்தான். காந்தி அருங்காட்சியகம் இருப்பது தமுக்கத்தில்; அவர் உடை மாறியது மேல மாசி வீதியில் ஒரு மாடியில். கீழே ஓடும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு, அந்த முடிவு எந்த மக்களின் கண்ணெதிரே எடுக்கப்பட்டது என்று விளக்க வேண்டியதில்லை.

நடை கூட்டிப் போகிறவர்கள் கட்டுக்கதையும் சேர்த்து அவிழ்த்துவிடுகிறார்களே என்ற குறை நியாயமானது. மருந்து அந்தத் தெருவிலேயே இருக்கிறது. பத்துத் தூண் தனியே நிற்பது கண்கண்ட சான்று. அரண்மனையைத் திருமலை நாயக்கரின் பேரன் சொக்கநாதர் பிரித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார் என்பது கேட்ட செய்தி. இரண்டையும் ஒரே குரலில் சொல்லாதவரே நல்ல வழிகாட்டி. சந்தை மறித்துக் கூட்டம் நின்றால் வியாபாரம் கெடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். பதினைந்து பேருக்கு மேல் வேண்டாம், கடை திறக்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

பள்ளி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளைகளைப் பேருந்தில் கொண்டுபோய் மகால் வாசலில் இறக்கிவிடாதீர்கள். விளக்குத்தூணில் இறக்குங்கள், பத்துத் தூண் வழியாக மகாலுக்கு நடத்திக் கூட்டிப் போங்கள்.