சாவி காத்துல இருக்கு, ஆனா ரூம் அசையணும்

ரெண்டு கருவிகள், சாவியை அனுப்பிக்காமலே ஒரே ரகசியச் சாவியை உருவாக்க முடியுமா? முடியும். வைஃபை அலை சுவர், பீரோ, மனுஷங்க மேல பட்டுச் சிதறித்தான் போய்ச் சேருது. போகும்போதும் வரும்போதும் அந்தச் சிதறல் ஒண்ணுதான். அதனால அடுத்தடுத்து சட்டுனு அளந்தா, ரெண்டு பக்கமும் ஒரே ஏற்ற இறக்கம் கிடைக்கும். 2.4 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர். நல்லா சிதறுற இடத்துல, அதில் பாதி தூரம் தள்ளி இருந்தாலே ஒட்டுக்கேட்பவருக்கு வேற அளவு கிடைக்கும்னு கோட்பாடு சொல்லுது.

ஒரு ராத்திரி ரெண்டு போர்டை மேஜையில வச்சு நானும் முயற்சி பண்ணேன். சிக்னல் கூடினா 1, இல்லன்னா 0. ரெண்டு சாவியும் அப்படியே பொருந்துச்சு. ஒரே குஷி! அப்புறம் பிட்டுகளைப் பார்த்தா, வரிசையா பூஜ்ஜியம். ரூம்ல எதுவுமே அசையல. அந்தச் சாவியை யார் வேணா ஊகிச்சிடலாம்.

2009-இல் மொபிகாம் மாநாட்டில் வந்த ஆய்வும் அசையாத இடங்களில் இதே சிக்கலைக் காட்டியது. எதிரி குறுக்கே நடந்தே சிக்னலைத் தன் இஷ்டத்துக்கு ஏத்தி இறக்கவும் முடியுமாம்.

அடுத்து ஒரு போர்டைக் கையில எடுத்துக்கிட்டு வீடு முழுக்க நடந்தேன். அப்போதான் பிட்டுகள் கலைஞ்சு வந்துச்சு. இப்பல்லாம் சாவி பொருந்துதான்னு மட்டும் பார்க்கிறதில்லை. ஊகிக்க முடியுமான்னுதான் முதல்ல பார்க்கிறேன்.