தகரக் கொட்டகையில் சூடு தணிய

கட்டடம் எழும்பும் இடங்களில் வேலையாட்கள் தங்க வரிசையாகத் தகரக் கொட்டகைகள் போட்டிருப்பார்கள். சித்திரை வெயிலில் மத்தியானம் உள்ளே கால் வைக்க முடியாது. தகரம் காய்ந்து, அந்தச் சூட்டை அப்படியே கீழே இறக்கும். கைக்குழந்தையும் அங்கேதான் தூங்க வேண்டும்.

மின்சாரம் இல்லாமலே இதற்கு வழி உண்டு. சவுக்குக் கம்பு நட்டு, கூரைக்கு மேல் ஓர் அடி இடைவெளி விட்டு, தென்னங்கீற்றோ நிழல்வலையோ கட்டுங்கள். வெயிலை அது தாங்கிக்கொள்ளும். இடையில் ஓடும் காற்று சூட்டைக் கொண்டுபோய்விடும். தகரத்தோடு ஒட்டிப் போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. கீற்றுக்குப் பக்கத்தில் மட்டும் அடுப்பு வேண்டாம்.

அடுத்து, வெள்ளை. சுண்ணாம்பில் பசை கலந்து கூரைமேல் பூசினால் வெயிலைத் திருப்பி அனுப்பும். 2010 மே மாத வெப்ப அலையில் பலரைப் பறிகொடுத்த அகமதாபாத், 2013-ல் வெப்பச் செயல்திட்டம் வகுத்தது. கூரைக்கு வெள்ளையடிப்பதும் பின்னர் அதில் சேர்ந்தது.

மூன்றாவது, காற்றோட்டம். காற்று வரும் பக்கம் தாழ்வாக ஒரு திறப்பு, எதிர்ப்பக்கம் கூரையை ஒட்டி இன்னொன்று. சூடான காற்று மேலேறி வெளியே போகும். ஈரச் சாக்கு தொங்கவிடுவது வறண்ட காற்றுள்ள ஊர்களுக்குத்தான்; கடலோரப் புழுக்கத்தில் பெரிதாக உதவாது.

வீடு கட்டுகிறவர்களே, இன்றே மேஸ்திரியிடம் பேசுங்கள். நாலு கம்பு, கொஞ்சம் கீற்று, ஒரு வாளி சுண்ணாம்பு. நமக்கு வீடு கட்டித் தருபவர்களுக்கு இதையாவது செய்வோம்.