பூவா, தலையா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



விடுதி வாசல் டீக்கடையில் யார் காசு கொடுப்பது என்று பூவா தலையா போட்டவர்கள் நாம். மூன்று நாள் தொடர்ந்து மாட்டிக்கொண்டவன், "இன்னிக்கு எனக்குத்தாண்டா விழும்" என்பான். அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

1913 ஆகஸ்ட் 18 அன்று மான்டி கார்லோ சூதாட்ட விடுதியில், ரூலெட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. "இனி சிவப்பு வந்தே தீரும்" என்று சிவப்பில் கட்டிக் கட்டி லட்சக்கணக்கில் இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகசக்தி ஏது? அதில் 37 குழிகள். சிவப்பு 18, கறுப்பு 18, பச்சையில் ஒரு பூஜ்யம். 25 கறுப்புக்குப் பிறகும் சிவப்பு வர 37-க்கு 18 வாய்ப்புதான்.

அந்தப் பூஜ்யத்தில்தான் முதலாளியின் பிழைப்பே இருக்கிறது. சிவப்பில் 100 ரூபாய் வீதம் 37 சுற்று கட்டினால், சராசரியாக 18 வெற்றி, 19 தோல்வி. 3,700-க்கு 100 போச்சு, அதாவது 2.7 சதவீதம். பூஜ்யம் விழுந்தால் பாதியைத் திருப்பித் தரும் விடுதிகளும் உண்டு, அங்கும் 1.35 போகும். அமெரிக்கச் சக்கரத்தில் இரண்டு பூஜ்யம், ஆகவே 5.26. மோசடியே வேண்டாம் சார்!

"தோற்றால் இரட்டிப்பாகக் கட்டு, ஒருமுறை ஜெயித்தால் எல்லாம் திரும்பிவிடும்" என்று ஒரு வழி சொல்வார்கள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வேலை நிமித்தம் வெளிநாடு போனபோது நானும் அப்படி ஆடினேன். இத்தனைக்கும் நிகழ்தகவில் நல்ல மார்க் வாங்கியவன். நம்ம ரூபாய்க் கணக்கில் 100, 200, 400 என்று ஏறி, ஏழாவது தடவை 6,400. அதுவும் போச்சு. மொத்தம் 12,700. அடுத்து 12,800 கட்டப் போனேன். மேஜைக்காரர் கையை நீட்டித் தடுத்தார். ஒரு தடவைக்கு 10,000-க்கு மேல் கட்டக்கூடாதாம்.

ராத்திரி அறையில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இந்த முறையில் எந்தப் படியில் ஜெயித்தாலும் நிகர லாபம் 100 மட்டுமே. ஏழு படியும் தோற்பது ஏறக்குறைய 106 ஆட்டத்துக்கு ஒன்று. மீதி 105 ஆட்டத்தில் வருவது 10,500. அந்த ஒன்றில் போவது 12,700. இதே கணக்கை இரண்டு மணி நேரம் முன்னால் போட்டிருக்கலாம்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. இந்த உரையை மலரில் போடப் போகிறார்களாம். அச்சாகி வருவதற்குள் சொல்லிவிட வேண்டும்.