வெலிமடை வீதியும் பதுளைக் கடைத்தெருவும்



நுவரெலியாவிலிருந்து பதுளைக்குச் செல்லும் பெருந்தெரு ஹக்கலையைக் கடந்து இறங்கி, உமா ஓயாவின் அருகே ஒரு சிற்றூரை அடைகின்றது. அதுவே வெலிமடை. சிங்கள மொழியில் 'வெலி' என்பது மணல். 'மட' என்பது சேறு. தமிழர் நாவிலே சேறு மடையாயிற்று. வயலுக்கு நீர் பாயும் வழியை மடை என்பது நம் வழக்கு. படிப்படியாக இறங்கும் வயல்கள் சூழ்ந்த ஓர் ஊருக்கு அப்பெயர் பொருந்தாதென்று யார்தாம் கூறுவர்?

வெலிமடையை அறிய வேண்டின் முதலிற் பதுளையை அறிதல் வேண்டும். பதுளை பழம்பதி. 1630ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அந்நகரை எரித்தான். திரும்பும் வழியில், வெல்லவாயாவுக்கு அண்மையிலே, கண்டிப் படையினரால் மடிந்தான். 1815இல் கண்டி இராச்சியம் ஆங்கிலேயர் கைப்பட்டது. மூன்றாண்டுகளுக்குள் ஊவா கிளர்ந்தெழுந்தது. கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்டு, கிளர்ச்சிக்காரருடனேயே சேர்ந்துகொண்ட கெப்பெட்டிப்பொலைத் திசாவை 1818இல் உயிர் துறந்தார். வெலிமடைக்கு அடுத்த சிறுபட்டினம் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது.

ஆங்கிலேயர் பதுளையிற் கட்டியவற்றுள் புனித மார்க்கு தேவாலயம் குறிப்பிடத்தக்கது. அது 1857இல் மேஜர் றொஜர்ஸ் என்பாரின் நினைவாக எழுப்பப்பட்டது. உதவி அரசாங்க அதிபராயிருந்து பாதைகள் வெட்டுவித்த இவர், ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் என்பர். 1845இல் ஹப்புத்தளையிலே இடி விழுந்து இறந்தார். அவ்வளவு யானைகளைக் கொன்றவருக்கு ஒரு கோயில் வாய்த்தது. பாதை வெட்டிய கூலிகளுக்கோ ஒரு கல்லும் வாய்க்கவில்லை.

1886இல் ஊவா தனி மாகாணமாயிற்று. பதுளை அதன் தலைநகராயிற்று. கோப்பி அழிந்து தேயிலை தழைத்த காலம் அது. புகையிரதம் 1894இல் பண்டாரவளையை எட்டிற்று. அங்கிருந்து பதுளையை எட்ட முப்பது ஆண்டுகள் சென்றன. 1924இலேயே அப்பாதை முற்றுப்பெற்றது. தெமோதரையிலே நிலையத்தின் கீழேயே பாதை சுருண்டு செல்வதையும், 1921இல் உருக்கின்றிக் கல்லும் செங்கல்லும் சீமெந்துமாக எழுந்த ஒன்பது வளைவுப் பாலத்தையும் கண்டோர் அத்தாமதத்தின் காரணத்தைக் கேளாமலே அறிவர்.

புகையிரதம் வந்தபின் கடைத்தெரு பெருத்தது. முன்புறம் கடை, பின்புறமோ மேல்மாடியோ வீடு. காலையில் ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்கும் பலகைக் கதவுகள். மேலே தகரக் கூரை. புடவைக் கடை, நகைக் கடை, பலசரக்குக் கடை எனத் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வணிகம் புரிந்தனர். சம்பள நாளை அடுத்த ஞாயிற்றுக்கிழமை தோட்டத்து மக்கள் மலையிலிருந்து இறங்கி வருவர். பசார் வீதி அன்று அவர்களுடைய வீதி.

அவ்வீதி 1983 ஜூலை 27ஆம் நாள் எரிந்தது. நண்பகலளவிற் புறப்பட்ட கூட்டம் தமிழர் கடைகளுக்குத் தீயிட்டது. பின்னர் தமிழர் வாழ்ந்த வீடுகளையும் எரித்தது. அன்றே அந்நெருப்பு ஹாலிஎலைக்கும் பண்டாரவளைக்கும் வெலிமடைக்கும் பரவிற்று. பின்னாளிற் சாம்பல் அகற்றப்பட்டுக் கொங்கிறீற் மாடிகள் எழுந்தன. உரிமையாளருட் சிலர் திரும்பினர்; சிலர் இந்தியாவுக்குச் சென்றனர்; சிலர் கொழும்பிற் கடை வைத்தனர். நகரம் அழகு பெற்றுவிட்டது என்று புகழ்வோர், பழைய கட்டடம் ஏன் இல்லையென்று ஒரு முறை கேட்டல் நன்று.

வெலிமடையை மாற்றியது தேயிலையினும் கூடுதலாக மரக்கறியும் உருளைக்கிழங்குமே. அதன் சந்தி லொறிகளின் சந்தியாயிற்று. அண்மைக் காலத்திலே மற்றொரு மாற்றம் நிலத்தின் அடியிலிருந்து வந்தது. உமா ஓயாத் திட்டத்துக்காக வெலிமடைப் புறத்துப் புஹுல்பொலையில் அணை கட்டினர். நீரைத் தெற்கே கொண்டுசெல்ல மலையைக் குடைந்தனர். 2014ஆம் ஆண்டின் இறுதியிற் சுரங்கத்தினுள் நீர் பீறிட்டது. மேலேயுள்ள பண்டாரவளைப் பகுதியிற் கிணறுகள் வற்றின. வீட்டுச் சுவர்கள் வெடித்தன. திட்டம் 2024 ஏப்ரலிலே திறந்து வைக்கப்பட்டது. மின்சாரம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆயினும் ஒருவன் வீட்டுக் கிணறு எங்கோ ஒரு சுரங்கத்துக்குக் கட்டுப்பட்டது என்பதை அவனிடம் முன்னரே சொல்லியிருக்க வேண்டாமா?

இனி, தெருவே இல்லாத ஊரைப்பற்றி ஒரு வார்த்தை. தோட்டத்து லயம் ஒரு தெருவைப் போன்றே தோன்றும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், முன்னே ஒரு வாசல், ஒரு பீலி. ஆனால் அதற்குத் தெருப்பெயர் இல்லை, கதவிலக்கம் இல்லை. நெடுங்காலமாகக் கடிதங்கள் தோட்டத்துக் கந்தோருக்கே வந்தன. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு, தேர்வு நாள் கழிந்தபின் கைக்குக் கிடைத்த கதைகள் மலையகத்திற் பல. நூறாண்டு ஒரே காம்பராவில் மூன்று தலைமுறை வாழ்ந்தும், முகவரி என்று கேட்டால் தோட்டத்தின் பெயரையன்றி வேறொன்றையும் அவர்கள் சொல்ல இயலவில்லை. தெருவை மாற்றுதற்கும் முதலில் ஒரு தெரு வேண்டுமன்றோ!

அந்த லயங்களுள் சில 2014 ஒக்டோபர் 29ஆம் நாட் காலையில், கொஸ்லாந்தைக்கு அருகே மீரியபெத்தையிலே, மலைச் சரிவோடு மண்ணுள் மறைந்தன. அவ்விடம் ஆபத்தானது என்று அறிஞர் முன்னரே எச்சரித்திருந்தனர். பெயர்ந்து செல்க என்றனர். சொந்தமாக ஓரடி நிலமும் இல்லாதவர்கள் எங்கே பெயர்வர்? உயிர் தப்பியோர் முதலிற் பள்ளிக்கூடத்திலும், பின்னர் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் இரண்டாண்டு தங்கினர். 2016இலே பூனாகலைப் பகுதியில் அவர்களுக்குத் தனித்தனி வீடுகள் கையளிக்கப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தனிக் கூரை உண்டு. அடுத்த வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் இடையே காற்றுப் புகும் ஓர் இடைவெளி உண்டு. அவற்றின் முன்னே ஒரு பாதையும் உண்டு.