பிகர் ஊர் வாத்தியார்

1962 மே மாதத் தொடக்கம். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத் தலைநகர் ரெஜைனாவில் சுமார் 600 மருத்துவர்கள் கூடியிருந்தார்கள். மாகாண முதல்வர் உட்ரோ லாயிட் பேசப் பேச, கீழே கூச்சல். அரசின் மருத்துவக் காப்பீட்டில் சேர மறுப்பவர்கள் எழுந்து நிற்கலாம் என்றதும் ஏறக்குறைய அரங்கமே எழுந்துவிட்டது. முதல்வர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கனடாவின் பொது மருத்துவக் காப்பீடு என்றால் எல்லோர் வாயிலும் வரும் பெயர் டாமி டக்ளஸ். 2004இல் சிபிசி தொலைக்காட்சி நடத்திய வாக்கெடுப்பில் கனடியருள் தலைசிறந்தவர் என்று அவரைத்தான் மக்கள் தேர்ந்தெடுத்தார்கள். தகும். ஆனால் அடி விழுந்த நேரத்தில் நாற்காலியில் இருந்தவர் டக்ளஸ் அல்ல. 1913இல் வெப் என்ற சிற்றூருக்கருகே பிறந்து, பிகர் என்ற ரயில்வே ஊரில் தலைமையாசிரியராக இருந்த லாயிட்.

1944 தேர்தலில் டக்ளஸ் தலைமையிலான சிசிஎஃப் கட்சி 52 இடங்களில் 47ஐ அள்ளியபோது, பிகர் தொகுதியில் வென்ற இந்த வாத்தியாருக்குக் கல்வித் துறை கிடைத்தது. அப்போது வயது முப்பது. மாகாணத்தில் ஐயாயிரம் சொச்சம் பள்ளி வட்டாரங்கள். பெரும்பாலும் ஓரறைப் பள்ளி, அதற்கொரு தனி நிர்வாகக் குழு, தனி வரி. வறட்சியும் பஞ்சமும் தாக்கிய முப்பதுகளில் பல ஆசிரியர்களுக்குச் சம்பளம் கைக்கு வரவில்லை. கடன் பத்திரம்தான் வந்தது. அந்தக் காலத்தில் அதே மாகாணத்தில் பாடம் நடத்தியவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. வட்டாரங்களை இணைத்து, சுமார் அறுபது பெரிய அலகுகளாக்கினார். வளமான ஊரின் வரி, வறண்ட ஊரின் பிள்ளைக்கும் போனது.

எதிர்ப்பு இல்லாமலா? ஓரறைப் பள்ளி என்பது வெறும் வகுப்பறை அல்ல. ஊர்க்கூட்டம், கிறிஸ்துமஸ் விழா, சனிக்கிழமை நடனம் எல்லாம் அங்கேதான். இணைப்பில் அது மூடப்பட்ட ஊர் பிறகு ஊராக நிற்பது கடினம். லாயிட் செய்த நன்மைக்கு இந்த விலையும் உண்டு. அவரைப் புகழ்பவர்கள் இதைச் சொல்வது குறைவு. ஊர் முகம் சுளிக்க, பொறுமையாக ஒரு வேலையை முடிக்கும் பழக்கம் அவருக்குக் கல்வித் துறையில்தான் வந்திருக்க வேண்டும்.

1961 நவம்பரில் டக்ளஸ் கூட்டாட்சி அரசியலுக்குப் போக, முதல்வர் பதவியும் காப்பீட்டுச் சட்டமும் சேர்ந்தே லாயிட் தலையில் இறங்கின. ஏப்ரலில் தொடங்க வேண்டிய திட்டம் ஜூலை 1க்குத் தள்ளிப்போனது. அன்றே மருத்துவர்கள் வேலைநிறுத்தம். சில மருத்துவமனைகளில் அவசர சிகிச்சை மட்டும். அரசு பிரிட்டனிலிருந்து மருத்துவர்களை வரவழைத்தது. ஜூலை 11 அன்று சட்டமன்றத்தின் முன் பல்லாயிரம் பேர் திரள்வார்கள் என்று எதிர்ப்பாளர்கள் எதிர்பார்த்தார்கள். வந்தவர்கள் சில ஆயிரம். பிரிட்டிஷ் மருத்துவரும் பிரபுவுமான டெய்லர் இரு தரப்புக்கும் இடையே ஓடியாடினார். 23ஆம் நாள் சஸ்காட்டூனில் உடன்பாடு. திட்டத்துக்கு வெளியே நின்று தொழில் செய்யும் உரிமை மருத்துவர்களுக்குக் கிடைத்தது. எல்லோருக்கும் காப்பீடு, பொதுப்பணத்தில் காப்பீடு என்ற இரண்டையும் லாயிட் விட்டுக்கொடுக்கவில்லை.

1964இல் ஆட்சி போயிற்று. வென்ற லிபரல்கள் திட்டத்தைக் கலைக்கவில்லை. 1970இல் கட்சித் தலைமையிலிருந்தும் விலகிய லாயிட், ஐ.நா. பணிக்காகத் தென்கொரியா போனார். 1972 ஏப்ரலில் சியோலில் அவர் இறந்தபோது, கனடாவின் பத்து மாகாணங்களிலும் மருத்துவக் காப்பீடு நடைமுறைக்கு வந்திருந்தது.